அக்கா என்கிற விலாசம்

ஜூன் 3

தம்பிக்கு,

காகிதத்தில் எழுதுகிறேன். அந்த மெயில் பெட்டியைத் திறக்கவே கை கூசுகிறது. போனும் செய்யப்போவதில்லை. செய்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. விடிந்தால் கடவுள் பேரைச் சொல்கிற வாய் இது. உன் பொருட்டு இதை அசிங்கப்படுத்திக்கொள்ள மாட்டேன்.

அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்த சேதிதான். தெரிந்துதானே அப்படி ஒரு பதில் போட்டாய்?

முதலிலிருந்து சொல்கிறேன். நீ மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். பிப்ரவரியில் அப்பாவின் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்புக் கடி. சர்க்கரை உள்ள உடம்பு என்பதால் எனக்குப் பயம். "உன் ஊரில்தான் பெரிய டாக்டர் இருக்கிறாரே, அவரிடம் கேட்டுச் சொல்" என்று உனக்கு எழுதினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. "பார்க்கிறேன் அக்கா." அதை அப்பாவின் வலது காதில் வாய் வைத்துக் கத்தினேன். அந்தக் காதில் அப்படிக் கத்தினால்தான் அவருக்கு விழுகிறது என்று உனக்கு எழுதியிருக்கிறேன். கண்ணும் மங்கிப்போனது. போனைக் காதில் வைத்தால் ஈ ரீங்கரிக்கிறது என்கிறார். நீயும் 'வேலை நேரத்தில் போன் வேண்டாம், மெயிலில் எழுது' என்றுவிட்டாய். அதனால் நீ எழுதுவதை நான் கத்துவதுதான் அவருக்கு உன் குரல்.

அப்புறம் இங்கே ஒரு டாக்டரிடமும் வரமாட்டேன் என்றுவிட்டார். "சின்னவன் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கான்ல? ஏன் பறக்கிறே?" என்றார். திரும்ப எழுதினேன். திரும்பவும் "பார்க்கிறேன் அக்கா." நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். விரல் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோது அப்பா பேனாவைத் தொடவில்லை. "சின்னவனைக் கேளு. அவன் சரின்னா சரி" என்றார். தாழ்வாரத்தில் நின்று தட்டினேன். "அப்பாவின் காலை எடுக்கலாமா?" உடனே வந்தது உன் வாக்கு. "நீங்கள் எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் அக்கா." கத்தினேன். அதன் பிறகே அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார்.

எல்லாம் முடிந்ததும் உனக்கு எழுதினேன். "அப்பாவின் காலை எடுத்துவிட்டார்கள். இன்னும் மயக்கம் தெளியவில்லை." ஒரு கையில் அப்பாவின் மூத்திரக் குப்பி, மறு கையில் போன். உன் பதில் வந்தது.

"மிக்க மகிழ்ச்சி அக்கா. அப்பாவைத் தினமும் காலையில் நடக்கச் சொல்லுங்கள்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவள் நான். சீழ், ரத்தம், நாற்றம் எல்லாம் பழகிவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் குமட்டுகிறது. நர்ஸம்மா வந்து, "தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டாள். "வருத்தப்படறான்" என்றேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. அதற்கு அன்றைக்கே தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், உன்னிடம் இல்லை.

என்ன ஆயிற்று உனக்கு? குடிக்கிறாயா? அப்பா மேல் அப்படி என்ன பகை?

அக்கா


ஜூன் 8

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே பிரித்தேன். கால் என்று படித்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. உடனே போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தானுக்குச் செய்தேன். "உங்க அக்கா பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கா மாப்ளே, எனக்குச் சோறு முக்கியம்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பதில்களை நான் எழுதவில்லை.

எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதில் அலியாஸ் கோப்பு என்று ஒன்று உண்டு. இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் அந்தப் பெயருக்கு வருகிற மடல் எங்கே போக வேண்டும் என்பது. அங்கே ஓர் ஆளின் பெட்டியை எழுதினால் பெட்டிக்குப் போகும். அதற்குப் பதில் ஒரு நெட்டுக்கோடு போட்டு ஒரு புரோகிராமின் பெயரை எழுதினால், மடல் முழுவதும் அப்படியே அந்தப் புரோகிராமுக்குள் ஊற்றப்படும். நாங்கள் இதைக் குழாய் என்போம். புகார், விசாரணை, வேலைக்கு விண்ணப்பம் எல்லாமே எங்களிடம் இப்படித்தான். புரோகிராம் படித்து, வார்த்தைகளைப் பார்த்து, பொருத்தமான பதிலை அனுப்பும். யாரும் குறை சொன்னதில்லை.

உனக்கென்று தனி விலாசம் ஒன்று கொடுத்தேனே, 'அக்கா' என்று தொடங்குவது, அது அந்தக் கோப்பில் ஒரு வரி.

நான் உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. வேலை கழுத்தை நெரித்த நேரம் அது. உடனே ஒரு பதில் போகட்டும், மடல் என் பெட்டியிலும் ஒரு நகல் கிடக்கட்டும், ஓய்வு கிடைக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கலாம் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு பெட்டியில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. என் பெட்டியின் பெயர், ஒரு கமா, பிறகு குழாய் என்று எழுதியிருக்க வேண்டும். முன்பாதியை எழுதாமல் விட்டிருக்கிறேன். வந்த மடல் எல்லாம் குழாய்க்குள் போய், பதில் போனதும் அழிந்துவிட்டது. இரண்டு வருஷமாக நீ எழுதிய எதுவும் இப்போது என்னிடம் எங்கேயும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவிடம் இதைச் சொல்லாதே. இந்த நிலையில் தாங்கமாட்டார்.

சின்னவன்


ஜூன் 12

தம்பிக்கு,

குடித்துவிட்டு எழுதியிருந்தாலாவது, இவனுக்குள் ஏதோ கொதிக்கிறது என்று மனசைத் தேற்றியிருப்பேன்.

இரண்டு வருஷம் ஒரு குழாயோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். தமிழில் தட்டுவதற்கு எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கட்டைக்கும் எழுத்தை வெட்டி ஒட்டி, அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒற்றை விரலால் பழகினேன். தம்பிக்கு எழுத வேண்டும் என்று. எழுதி முடித்ததும் இரண்டு கையையும் கூப்பி, "நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்" என்று கும்பிட்டுவிட்டு அனுப்புவேன். எங்கே போய்ச் சேர்ந்தது பார். சாக்கடைக்குப் பிரார்த்தனை செய்து அனுப்பியிருக்கிறேன்.

உன் பதில்களை நேற்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பழகிய கண் எனக்கு. உப்பும் புளியும் தீருகிற நாள்கூடத் தப்பாது. இது மட்டும் எப்படித் தப்பியது? மொத்தமே ஐந்தாறு வரிதான். அதையே மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறது. 'அப்பா' என்று இருந்தால் பாதி நேரம் நடக்கச் சொல். 'கடவுள்' என்று இருந்தால் "எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்." வேண்டிக்கொண்டேன் தம்பி. தினமும் வேண்டிக்கொண்டேன். ஒரு புரோகிராமின் ஆரோக்கியத்துக்காக முட்டி வலிக்க உட்கார்ந்து வேண்டியிருக்கிறேன்.

இன்னொன்று. ஒருநாள் திடீரென்று என்னை 'நீங்கள்' என்று எழுத ஆரம்பித்தாய். பிறந்ததிலிருந்து என்னை 'ஏய்' என்றும் 'நீ' என்றும் கூப்பிட்டவன். வயதாக ஆக மரியாதை வந்துவிட்டது என்று பூரித்துப்போய் உன் அத்தானிடம் காட்டினேன். அவர் அப்போதே சொன்னார், "என்னமோ பாங்க்லேர்ந்து வந்த மாதிரி இருக்கே." நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது விஷயம் தெரிந்ததும் என்ன சொல்கிறார் தெரியுமா? "உன் தம்பிக்கு அந்தக் குழாய் தேவலை. கேட்ட உடனே பதிலாவது சொல்லுது." பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் தம்பி எத்தனை வேலையிலும் ஒரு நிமிஷத்தில் பதில் போட்டுடுவான், உன் பிள்ளைகளும் இருக்குதே" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இதெல்லாம் என் மானம், போகட்டும். அப்பாவிடம் சொல்லாதே என்கிறாயே, அதைப் படித்ததும்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிகிறது. பொய்யை எழுதிவைத்தது நீ, கத்துவது நானா? அப்பா படுக்கையில் இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "என் சின்னவன் சொன்னான், ஒத்துக்கிட்டேன்" என்கிறார். இல்லாத காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். நான் பக்கத்தில் கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தத் துணியை வாயில் திணித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வலது காலில் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டார். இப்போதே ஒத்துக்கொண்டால் அந்த ஒரு விரலோடு முடிந்துவிடும், தள்ளிப்போட்டால் என் கையில் இல்லை என்கிறார். அப்பாவிடம் சொன்னேன். "சின்னவனுக்கு எழுது" என்றார். "நான் சொல்றேன்பா, எடுத்துடலாம்" என்றேன். "உனக்கு என்ன தெரியும்?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வரியை எடு. பிறகு கிளம்பி வா. வந்து உன் சொந்த வாயை அந்த வலது காதில் வைத்துச் சொல்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

வரியை எடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே. இனி அந்த விலாசத்துக்கு எழுதினால் நேராக என் பெட்டிக்கு வரும், நானே படிப்பேன். லீவுக்கும் எழுதிவிட்டேன். கிடைத்ததும் கிளம்புகிறேன். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, விரைவில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் இதற்கு ஓரிரு நாள் ஆகும்.

நீ எழுதியது எல்லாம் நியாயம்தான். ஆனால் என் பக்கமும் கொஞ்சம் கேள்.

குழாய் போடுவதற்கு முன்னால் உன் மடல் எப்படி இருக்கும் தெரியுமா? அப்பா காலையில் என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு, வெளிக்குப் போனாரா, போனால் எப்படிப் போனார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் படித்திருக்கிறேன். கடைசியில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி. "நீ எப்போது வருவாய்?" நீ கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நீ கேட்டது அப்படி இல்லை. கடையில் 'தக்காளி இருக்கிறதா' என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்பாய். வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுதவும் கை வரவில்லை, வருகிறேன் என்று பொய் எழுதவும் கை வரவில்லை. உன் பெயரைப் பெட்டியில் பார்த்தாலே அதைத் தாண்டி அடுத்த மடலைத் திறந்துவிடுவேன். ஒரு மதியம், கையோடு கையாக, அந்தக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தேன். சேர்த்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ இன்னும் காறித் துப்புவாய். துப்பு.

நல்ல புரோகிராம்தான் அது. வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. அதில் 'ஐயா' என்று இருந்த இடத்தில் 'அக்கா' என்று மாற்றினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

விரலை எடுக்கச் சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்.

சின்னவன்


ஜூன் 21

தம்பிக்கு,

'நான் சொன்னதாகச் சொல்.' எவ்வளவு சுலபம் உனக்கு! இத்தனை நாள் குழாய் சொன்னதை நீ சொன்னதாகச் சொன்னேன், இனி நீ சொன்னதை எதாகச் சொல்வது?

வரியை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன் பேச்சை நம்புகிற நிலையில் நான் இல்லை, அதனால் சோதித்துப் பார்த்தேன். நேற்று அந்த விலாசத்துக்கு எழுதினேன். "அப்பாவும் நானும் மொட்டை மாடியிலிருந்து பறக்கப் போகிறோம், பறக்கலாமா?" வந்தது பதில், உன் மானத்தை வாங்கிக்கொண்டு. "நீங்கள் எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் அக்கா. அப்பாவைத் தினமும் காலையில் நடக்கச் சொல்லுங்கள்."

உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் விளக்காத வாயோடு யாரோ முகத்துக்கு நேரே பேசினால் வருமே, அந்த மாதிரிதான் வந்தது. பொய் சொல்லி அகப்பட்டவன், இன்னொரு பொய்யைக் காகிதத்தில் எழுதி தபால்தலை ஒட்டி அனுப்புவான் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நிமிஷமே முடிவு செய்தேன். நேரே போய் அப்பாவின் காதில் எல்லாவற்றையும் கத்திவிட்டேன். நீ டாக்டரிடம் கேட்காதது, காலைப் பற்றி உனக்கே தெரியாதது, எல்லாம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்பா கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் போர்வையை விலக்கி வலது காலைக் காட்டி, "அந்த மெஷின்கிட்டயே கேளு, இதை என்ன பண்றதுன்னு" என்றார். பக்கத்துக் கட்டில் பெரியவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவருக்கு இருமல் வந்து நர்ஸம்மா ஓடிவர வேண்டியதாயிற்று. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அவன் வரட்டும். என் முன்னால நின்னு சொல்லட்டும். அது வரைக்கும் ஒரு காகிதத்தையும் நீட்டாதே" என்றார்.

டாக்டர் என்னைத் திட்டுகிறார். "நீங்க பொண்ணுதானே? எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்கிறார். நான் எடுத்துச் சொல்வதற்கு அந்த வீட்டில் எந்தக் காலத்தில் காது இருந்தது?

கறுப்பு பக்கத்து விரலுக்கு வந்துவிட்டது. தினமும் கட்டைப் பிரிக்கும்போது கண்ணை மூடி கடவுளே என்று சொல்லிவிட்டுத்தான் பிரிக்கிறேன். லீவு கிடைக்க ஓரிரு நாள் என்றாயே. எங்கே?

அக்கா


ஜூன் 26

அக்கா,

நான் பொய் சொல்லவில்லை. வரியை எடுத்தேன். ஆனால் கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. சர்வர் அந்தக் கோப்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதிலிருந்து உண்டாக்கிய ஓர் அட்டவணையைத்தான் பார்க்கும். திருத்திய பிறகு ஒரு கட்டளை கொடுத்தால்தான் அட்டவணை புதிதாகும். ஒரே சொல். அதைக் கொடுக்க மறந்தேன். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அது. இப்போது கொடுத்துவிட்டேன். நிஜமாகவே போய்விட்டது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நீயே சொல்லிச் சிரித்துக்கொள் என்று எழுதுகிறேன்.

லீவுக்குப் பதில் வராமல் மறுபடி எழுதினேன். அதே பதில், எழுத்து மாறாமல். "விரைவில் பரிசீலிக்கப்படும்." மூன்றாம் தடவை அதே வரி வந்தபோதுதான், அந்த நடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கோப்பைத் திறந்தேன். 'லீவு' என்கிற பெயருக்கு எதிரே ஒரு நெட்டுக்கோடு, பிறகு குழாய். பெட்டிக்கு நகல் கிடையாது. நான் போட்டதுதான், போன வருஷம்.

அதிகாரி அறைக்கு ஓடினேன். "சார், லீவு விண்ணப்பம் எல்லாம் உங்களுக்கு வருதா?" என்றேன்.

"எதுக்கு வரணும்? நீதானே குழாய் போட்டுக் கொடுத்தே. எனக்கு அதுக்கப்புறம் தலைவலியே இல்லை."

"அப்ப லீவு கேட்டவங்க எல்லாம்?"

"கேட்டாங்க, பதில் போச்சு. யாரும் வந்து நிக்கலையேப்பா. வந்து நின்னா கொடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார். "சரி, உனக்கு என்ன, ரெண்டு நாளா?"

இப்படி முடிந்தது. இரண்டு நாள் கொடுத்திருக்கிறார். எதிர் ஜன்னல் ஓரத்தில் உட்காருகிற கணக்குப் பிரிவுப் பெண், "அண்ணே, என் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து போகாமலே விட்டுட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். அப்பாவிடம் சொல்.

சின்னவன்


ஜூலை 19

தம்பிக்கு,

நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. சொல்லாமல் கிளம்பினாய். டாக்ஸி வந்துவிட்டது என்று கையை ஆட்டினதோடு சரி. அதனால் அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். எழுதிவிட்டால் என் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும், அதற்காகத்தான்.

நீ வருகிறாய் என்றதும் அப்பா முகம் மழிக்கச் சொன்னார். நான்தான் மழித்தேன். சட்டை மாற்றினேன். போர்வையை இழுத்து, கால் இல்லாத பக்கம் தெரியாமல் மடித்துவிடச் சொன்னார். நீ பயந்துவிடக்கூடாதாம்.

நீ வந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். நான் கட்டைப் பிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாய். நீ வாந்தி எடுத்த சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்காது, அது ஒன்றுதான் அந்தக் காதால் வந்த லாபம். அதற்காக உன் மேல் கோபம் இல்லை. முதல் நாள் நானும் ஓடியிருக்கிறேன்.

திரும்பி வந்தாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சொல்லுடா சின்னவனே. எடுக்கலாமா, வேண்டாமா?"

நீ குனிந்தாய். வலது காதில் வாயை வைத்தாய். நான் கட்டுத் துணியும் கையுமாக நிற்கிறேன். பக்கத்துக் கட்டில் பெரியவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீ சொன்னாய்.

"நீங்க எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்பா."

தம்பி, அந்த நிமிஷம் நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். என்ன சொன்னோம் என்று உனக்கே தெரியவில்லை. அந்தப் புரோகிராமுக்கு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை. ஆபீஸ் வரி என்றாய். வாடிக்கையாளருக்கு எழுதினது என்றாய். இல்லை. உன் குடலிலிருந்து வந்தது. குழாய் உன்னை மாதிரி பேசவில்லை. நீ எப்போதும் குழாயாகத்தான் இருந்திருக்கிறாய். எனக்கு உன் மேல் அருவருப்பு வந்தது அப்போதுதான். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வெறும் கோபம்.

அப்பா உன் கையை விட்டுவிட்டார். "இதுக்கு எதுக்குடா ரயில் சார்ஜ்?" என்றார். நீ அதையும் ஏதோ தமாஷ் என்று சிரித்தாய்.

நீ டீ குடிக்கக் கீழே போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா என் கையிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்து, "கட்டு மாத்தறது நீதானே?" என்றார்.

"ஆமாம்பா."

"அப்ப நீ சொல்லு."

கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. உன் மேல் எவ்வளவு குமட்டியதோ, அந்த நொடி அப்பா மேலும் அவ்வளவு குமட்டியது. அதை மறைக்க மாட்டேன். புண்ணைத் துடைக்க நான், பதில் சொல்ல நீ. இத்தனை காலம் அவர் கேட்பதை உன்னிடம் ஊற்றி, நீ துப்பியதை அவர் காதில் ஊற்றி, நடுவில் நானும் ஒரு குழாயாகத்தானே கிடந்தேன்? என் மேலும் எனக்கு ஆத்திரம். பிப்ரவரியிலேயே அவரைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தன் 'பார்க்கிறேன்' என்றதற்காக ஒரு காலைக் கொடுத்தோம்.

"எடுத்துடலாம்பா. நீங்க எங்களுக்கு வேணும்" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நீ டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது காகிதம் போய்விட்டது. "என்னக்கா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாய். பண்ணிவிட்டோம்.

விரலோடு முடிந்திருக்க வேண்டியது. உன் லீவு குழாய்க்குள் கிடந்த நாட்களில் பாதத்துக்கு ஏறிவிட்டது. முன்பாதம் போயிற்று. குதிகால் இருக்கிறது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்கிறார் டாக்டர். காய்ச்சல் இல்லை. நேற்று கஞ்சி குடித்தார். இன்று, "உப்பு குறைச்சல்" என்று என்னைத் திட்டினார். அதைக் கேட்டதும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

போன திங்கட்கிழமை அந்தப் பழைய விலாசத்துக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். "அப்பா பிழைத்துவிட்டார்." அவ்வளவுதான் எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், பழக்கதோஷம். உடனே வரவில்லை. நடக்கச் சொல்லுங்கள் என்று வரவில்லை. ஆக, குழாயை நிஜமாகவே எடுத்துவிட்டாய். கட்டளையும் கொடுத்துவிட்டாய். மடல் நேராக உன் பெட்டிக்கே வந்து விழுந்திருக்கிறது.

இன்று சனிக்கிழமை. இன்னும் ஒன்றும் வரவில்லை.

பரவாயில்லை. இரண்டு வருஷத்தில் அந்த விலாசத்திலிருந்து நீயே அனுப்பிய முதல் பதில் இதுதான். படித்துக்கொண்டேன்.

அக்கா